ஆதி குணசேகரனைப் பார்த்து மதுரைக்காரர்கள் சிரித்தது சரியா?

செல்லூர்த் தறி | இரவு 10.52

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு வழக்கு நெடுநாளாகத் தீராமல் கிடக்கிறது. எதிர்நீச்சல் தொடரின் வில்லன் குணசேகரன் வேடம் மாரிமுத்துவுக்குப் பொருந்தியதா, அவருக்குப் பிறகு வந்த வேல ராமமூர்த்திக்குப் பொருந்தியதா? சன் டிவியில் அந்தத் தொடர் 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்து, அந்த டிசம்பரிலேயே இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. ஆனாலும் டீ ஆற்றுபவர் ஒரு கட்சி, பேப்பர் படிப்பவர் ஒரு கட்சி. நேற்று நான் மூன்றாவது கட்சியாகப் போய் மாட்டிக்கொண்டேன். அங்கே சொல்லி முடிக்க விடவில்லை, இங்கே சொல்கிறேன்.

மதுரை என்றாலே வேனில் பத்துப் பேர் அரிவாளோடு துரத்துவதைத்தான் சினிமாவில் இத்தனை வருடம் காட்டினார்கள். வெளியூருக்கு வேலைக்குப் போன நம் பையன்களிடம் "உங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் அரிவாள் இருக்குமாமே" என்று கேட்காதவர் குறைவு. குணசேகரன் அப்படி இல்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே வீட்டை நடுங்கவைத்தான். "இந்தாம்மா ஏய்" என்று ஓர் அதட்டல் போதும்; அடுக்களையில் நான்கு பெண்கள் கை வேலையை விட்டுவிட்டு நிற்பார்கள்.

அந்தப் பேச்சு எழுதிக்கொடுத்து ஒப்பித்தது போலவே இருக்காது. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், பாதியில் விட்டுவிட்டு தம்பியைத் திட்டுவார், எதையோ தேடுவார், பிறகு வந்து விட்ட இடத்திலிருந்து முடிப்பார். என் பெரியப்பா இதே மாதிரிதான் பேசுவார். மாரிமுத்து வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரிக்காரர். 1996-இல் தேனி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அந்த ஊரும் நம் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்த நாக்கை வேறு ஊரில் வாங்க முடியாது. 2023 செப்டம்பர் 8 அன்று, இதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய் இறந்தார்.

வேல ராமமூர்த்தி ஐயா பெருநாழிக்காரர், எழுத்தாளர். அவர் மீசைக்கும் குரலுக்கும் அறிமுகம் வேண்டாம். ஆனால் அவர் வந்த பிறகு குணசேகரன் மறுபடியும் அரிவாள்காரன் ஆகிவிட்டான். அவர் முறைத்தால் பயம் மட்டும் வருகிறது. மாரிமுத்து முறைத்தால் பயத்தோடு சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பு இல்லாத குணசேகரன் எனக்குக் குணசேகரன் இல்லை.

உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். பிக் பாஸ், சூப்பர் சிங்கர் என்று போன நம் பக்கத்து ஆட்களைப் பற்றியும் பேசலாம்.


உசிலை58 | இரவு 10.58

மாரிமுத்து. வழக்கு முடிந்தது. டீக்கு யார் காசு கொடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லையே அண்ணே?


மேலமாசி மருமகள் | இரவு 11.41

தறி அண்ணே, சிரிப்பு வந்தது என்கிறீர்கள். வீட்டில் எந்த இடத்தில் இருந்து பார்த்தீர்கள்?

எங்கள் வீட்டில் இரவு 9.30-க்கு எதிர்நீச்சல். மாமா அந்த நேரத்துக்குத்தான் டிவிக்கு முன்னால் சாப்பிட உட்காருவார். தோசை ஒவ்வொன்றாகச் சூடாக வர வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கொண்டுவந்தால் "ஆறியதை யார் தின்பது" என்பார். ஆகவே நான் அந்தத் தொடரைப் பார்த்த விதம் இது: கல்லில் மாவை ஊற்றி, எண்ணெய் விட்டு, கூடத்து நிலைப்படிக்கு ஓடி வருவேன், முறுகும் வாசனை வந்ததும் திரும்ப ஓடுவேன். ஒரு காட்சியில் இரண்டு வசனம் காதில் விழுந்தால் அதிர்ஷ்டம்.

ஒரு நாள் திரையில் குணசேகரனின் தம்பி மனைவி நந்தினி கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்று, கூடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே நான் தோசைத் திருப்பியோடு நிலைப்படியில் நிற்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் மாமா தட்டோடு. குணசேகரன் "இந்தாம்மா ஏய்" என்றதும் மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், தட்டின் ஓரத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அடுத்த தோசை வேண்டுமாம்.

மாமா கெட்டவர் இல்லை. என்னை ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, என் படிப்பைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்வார். அதைத்தான் சொல்ல வருகிறேன். குணசேகரனும் தம்பிகளுக்குப் படித்த பெண்களாகத்தான் தேடித் தேடிக் கட்டி வைத்தான். படித்த மருமகள் வந்தாள் என்று ஊர் பேச வேண்டும், வந்தவள் அந்தப் படிப்பை மறந்துவிட வேண்டும். இந்த ஒரு முடிச்சில்தான் தொடர் நின்றது. சொத்துச் சண்டை, கைரேகை, அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு எல்லாம் எபிசோடு ஓட்டுவதற்கு.

எனக்கு ஜனனி மேல் பெரிய பற்று இல்லை. கதாநாயகி என்பதற்காக நல்ல வசனத்தை எல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டார்கள். நந்தினிதான் என் ஆள். பேசிவிட்டுப் பயப்படுவாள், பயந்துகொண்டே மறுபடியும் பேசுவாள். இன்னொரு தம்பி மனைவி ரேணுகா மறுபடி சலங்கை கட்டியபோதும் நந்தினி சமையலைத் தொழிலாக்க நினைத்தபோதும் நான் தோசையைக் கருகவிட்டிருக்கிறேன்.

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.


உசிலை58 | இரவு 11.50

மதினி சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தீர்ப்பை நிறுத்தி வைக்கிறேன். தோசையை மட்டும் இனி நானே சுட்டுக்கொள்கிறேன்.


பழைய ஆன்டெனா | காலை 6.05

இரவெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கிழவன் காலையில் எழுந்து படித்தேன். கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வருவதற்கு முன் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கை ரூபவாகினி பிடித்த தலைமுறை நான். படத்தில் பாதி பனி பெய்யும். ஆகவே நடிப்பு என்று ஒன்று தெரிந்தாலே எனக்கு அது நல்ல நடிப்பு.

குணசேகரனைத் தனி ஆளாகப் பார்க்காதீர்கள். எதிர்நீச்சலை இயக்கிய திருச்செல்வம் 2003 முதல் 2009 வரை கோலங்கள் தொடரை எடுத்தவர். அதிலும் கதாநாயகி அபி தலை நிமிர்ந்தால் கீழே அமுக்க ஒருவன் இருந்தான். அவன் பெயரும் ஆதி. தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, பத்துப் பதினைந்து வருடம் கழித்து இன்னோர் ஆதி வந்தான். கோலங்களில் தொல்காப்பியனாகத் தானே வந்து நின்றவர், எதிர்நீச்சலில் ஜீவானந்தமாகவும் தானே வந்தார். வில்லனை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நல்லவனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரர்!

ஆனால் அந்த ஆதி கோட்டுப் போட்ட தொழிலதிபர். பார்ப்பவருக்கு அவனைத் தெரியாது. இந்த ஆதியை எல்லோருக்கும் தெரியும். என்னையே சிலருக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். மருமகள் எழுதியதைப் படித்தபோது காபி எங்கே என்று கேட்க வாய் திறந்தவன் மூடிக்கொண்டேன்.

தறி, இருந்தாலும் ஒரு திருத்தம். நாற்காலியை விட்டு எழாமல் மிரட்டுவதில் முதல் ஆள் குணசேகரன் இல்லை. தெய்வமகள் காயத்ரி அண்ணியை மறந்துவிட்டீர்கள். 2013 தொடங்கி ஐந்து வருடம் அந்த அம்மா சிரித்துக்கொண்டே செய்யாத அக்கிரமம் இல்லை. பெண் வில்லி என்றால் உரக்கக் கத்த வேண்டும், கண்ணை உருட்ட வேண்டும் என்ற வழக்கத்தை ரேகா கிருஷ்ணப்பா உடைத்தார்.

ஊர்ப் பாசத்துக்கு இன்னொன்று. விஜய் டிவியில் "மதுரை" என்றே ஒரு தொடர் வந்தது, நினைவிருக்கிறதா? மிர்ச்சி செந்திலும் ஸ்ரீஜாவும் சரவணன், மீனாட்சி என்று நடித்தார்கள். அந்த ஜோடியை மக்களுக்குப் பிடித்துப்போகவே 2011-இல் "சரவணன் மீனாட்சி" வந்தது. ஊரின் பெயர் போய் ஜோடியின் பெயர் தலைப்பாகிவிட்டது. அவர்கள் நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த சீசன்களில் சரவணன்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.


பூக்கடை மகள் | காலை 11.34

வியாபாரம் ஓய்ந்த நேரம். இப்போதுதான் உட்கார்ந்தேன். குணசேகரனை விட்டுவிட்டு விஜய் டிவியின் சிறகடிக்க ஆசை தொடரைப் பற்றிப் பேசலாமா? அதில் மீனா பூக்காரி. நானும் பூக்காரி, என் அம்மாவும் பூக்காரி. எனக்குப் பேச உரிமை இருக்கிறது.

முதலில் குறை. மீனா பூக்கட்டும் காட்சிகளைக் கவனியுங்கள். பேசிக்கொண்டே கட்டுவாள், சரி, நாங்களும் பேசிக்கொண்டேதான் கட்டுவோம். ஆனால் அழுது, சண்டை போட்டு, விளம்பரமும் வந்து போன பிறகும் மடியில் இருக்கும் சரம் அதே நீளத்தில் கிடக்கும்! என் அம்மா ஒரு சண்டை முடிவதற்குள் நாலு முழம் கட்டிவிடுவார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து இடது கைக் கட்டைவிரலில் அழுத்திப் பிடித்து, ஈர வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு சுருக்குப் போட்டு இழுக்க வேண்டும். இழுப்பு இறுகினால் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் கூந்தலில் வைத்தவுடன் பூ உதிரும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும், கண் வேண்டியதில்லை. கார்த்திகைக் குளிரில் நார் நனைந்து நனைந்து விரல் நுனி வெடித்துவிடும். மீனாவின் விரல்கள் பளபளவென்று இருக்கின்றன.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அவள் கட்டுவதையா பார்க்கிறாய், விஜயா பேசுவதைக் கேள்" என்றார். அதுதான் உண்மை. அந்த மாமியாருக்குப் பூஜை அறைக்குப் பூ வேண்டும், கூடத்தில் பூக்காரி வேண்டாம். மலேசியாவில் பணக்கார அப்பா இருப்பதாகப் பொய் சொல்லி வந்த ரோகிணிக்கு உபசாரம். பணக்கார வீட்டு ஸ்ருதிக்கு மரியாதை. வீட்டு வேலை எல்லாம் மீனாவுக்கு. மாட்டுத்தாவணியில் விடியும் முன் மூட்டை இறக்கிவிட்டு, ஒரு கல்யாண வீட்டுக்கு மாலை கொண்டுபோன நாளில், பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள் எங்களை. மணமேடை முழுக்க நாங்கள் கட்டிய பூ. சாப்பிட்டுவிட்டுப் போகும்படி ஒருவரும் சொல்லவில்லை. விஜயா என்ற பாத்திரம் மிகை என்று எழுதுபவர்களை ஒரு முகூர்த்த நாள் எங்களோடு வரச் சொல்லுங்கள்.

ஆனால் ரோகிணியின் ரகசியத்தை இழுத்தார்களே, அதற்கு மன்னிப்பே கிடையாது. ஒவ்வொரு வாரமும் மாட்டப்போகிறாள் என்று ப்ரோமோ, ஒவ்வொரு வாரமும் தப்பித்தாள். மீனாவின் கணவன் முத்து ஊரில் எல்லாருடைய திருட்டையும் கண்டுபிடிப்பான், வீட்டுக்குள் இருப்பது மட்டும் தெரியாது. டாக்சி ஓட்டுகிறவனுக்குக் கண்ணாடியில் பின்னால் பார்க்கத் தெரியாதா?


கோரிப்பாளையம் சிக்னல் | மதியம் 1.20

அந்தக் கண்ணாடி வரி அபாரம் அக்கா.

நான் சீரியல் பார்ப்பதில்லை. என் மதம் பிக் பாஸ். 2017 ஜூனில் முதல் சீசன் தொடங்கியபோது ஓவியாவுக்காக ஓட்டுப் போட்டதிலிருந்து கெட்டுப்போனவன். தறி கேட்ட கேள்விக்கு என் பதில், எட்டாவது சீசன் முத்துக்குமரன். காரைக்குடிக்காரர், மேடைப் பேச்சாளர். 2025 ஜனவரியில் கோப்பையை வாங்கினார். எட்டு சீசன்களில் தமிழை இவ்வளவு திருத்தமாகப் பேசி ஜெயித்தவர் வேறு இல்லை. சண்டையின் நடுவில்கூட எழுவாய் பயனிலை மாறாது!

அவர் மேல் ஒரே ஒரு குற்றச்சாட்டு, "பட்டிமன்றம் மாதிரிப் பேசுகிறார்" என்பது. எங்களிடம் போய் அதைக் குற்றமாகச் சொல்கிறார்களே. சாலமன் பாப்பையா ஐயா தீர்ப்புச் சொல்லாமல் தீபாவளியே முடியாத ஊர் இது.


விடியவிடிய நாடகம் | மதியம் 2.47

சிக்னல் தம்பி, பேச்சு என்று வந்தால் நீங்கள் ஐந்தாவது சீசன் தாமரைச்செல்வியை விட்டுவிட்டீர்கள். எனக்கு அவர்தான்.

நான் வாடிப்பட்டிப் பக்கம். பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் கோயில் கொடை, வள்ளி திருமணம் நாடகம். சாக்கை விரித்து உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது சேவல் கூவும். தாமரை அந்த மேடையிலிருந்து போனவர். நகரத்து ரசிகர்கள் அவரைக் கிராமத்து அப்பாவி என்று எழுதினார்கள். அப்பாவியா? அந்த நாடகத்தில் ஒத்திகை கிடையாது என்பது தெரியுமா? வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், நாரதர் வேறு ஊரிலிருந்து வருவார். சில நேரம் மேடையில்தான் முதலில் முகம் பார்ப்பார்கள். நள்ளிரவுக்கு மேல் இருவருக்கும் தர்க்கம் நடக்கும். நாரதர் எந்தக் கேள்வியை எடுப்பார், எந்தப் பாட்டில் மடக்குவார் என்று வள்ளிக்குத் தெரியாது. ஆர்மோனியக்காரர் சுருதியை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பார். கூட்டம் முழுக்க உறவுக்காரர்கள், தோற்றால் விசில் அடிப்பார்கள். அதில் வருடக்கணக்காக நின்றவர் அவர்.

பிறகு ஏன் அந்த வீட்டில் அழுதார்? அந்தப் பஞ்சபூத நாணயம் டாஸ்க்கை நினைத்துப் பாருங்கள். அவர் உடை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய நாணயத்தை எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டு என்றார்கள், விதியில் இடம் இருக்கிறது என்றார்கள். தர்க்க மேடையில் எவ்வளவு மடக்கினாலும் எதிராளி உடை மாற்றும்போது திரைக்குப் பின்னால் போக மாட்டார்கள். அவர் அழுதது நாணயம் போனதற்காக அல்ல என்று நான் நினைக்கிறேன். மேடைக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று நம்பிப் போனார், அங்கே அது இல்லை. அதன் பிறகும் கடைசி வாரத்தின் வாசல் வரை வந்தார். அந்த சீசனை ராஜு ஜெயித்தார். அவர் நல்ல ஆட்டக்காரர்தான், எனக்குச் சண்டை இல்லை.


துபாயில் ஒரு மேலூரான் | மாலை 4.10

இங்கே விடுமுறை நாளில் அறையில் ஆறு பேர், ஒரு டிவி. ரிமோட் சண்டையே ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சி.

பிக் பாஸ் மூன்றாவது சீசனில் எங்கள் பழையூர்ப்பட்டி சேரன் அண்ணன் போனார். இயக்குநராக அவர் பெற்ற பெயருக்கு அந்த வீட்டுக்குள் போயிருக்கவே வேண்டாம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். சக போட்டியாளர் லாஸ்லியாவை மகள் என்று கொண்டாடினார். அது நாடகம் என்றார்கள் பாதிப் பேர். மேலூர்ப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்ணை மகளே என்று கூப்பிடுவது காலைக் காபி மாதிரி. சென்னைக்காரர்களுக்கு அது நடிப்பாகத் தெரிந்தது.

சூப்பர் சிங்கரில் 2018-இல் செந்தில் கணேஷ் ஜெயித்தபோதும் இதே கதைதான். நாட்டுப்புறப் பாட்டுக்கு அனுதாப ஓட்டு விழுந்தது என்றார்கள். பொங்கலுக்கு மேடை போட்டு விடிய விடியப் பாடியவரின் தொண்டைக்கு எதற்கு அனுதாபம்?


உசிலை58 | மாலை 4.32

எல்லோரும் நம்மூர் நம்மூர் என்கிறீர்கள். ஒரு சின்னக் கேள்வி. முத்துக்குமரன் விழுப்புரத்துக்காரராக இருந்தால் இவ்வளவு உருகியிருப்பீர்களா? சேரன் சேலத்தில் பிறந்திருந்தால் அவர் அழுதது நாடகம் என்று நீங்களே எழுதியிருப்பீர்கள். ஊரைப் பார்த்து ஓட்டுப் போடுவதற்குப் பேருந்து நிலையத்திலேயே பெட்டி வைத்துவிடலாம்.

நான் ஏழாவது சீசனில் அர்ச்சனாவுக்குப் போட்டேன். வைல்டு கார்டாக நடுவில் நுழைந்து, முதல் வாரம் அழுது, எல்லோரும் கைவிட்ட பிறகு நிமிர்ந்து கோப்பையோடு போனவர். அவர் எந்த ஊர் என்று இன்றுவரை நான் பார்த்ததில்லை.


கோரிப்பாளையம் சிக்னல் | மாலை 4.40

ஊர் பார்க்காதவர் பெயரிலேயே உசிலை, எண்ணிலேயே உசிலம்பட்டியின் 58 கிராமக் கால்வாய். சரி சரி.


நெறியாளர் | மாலை 5.30

மறைந்த ஒரு நடிகையின் சொந்த வாழ்க்கை பற்றிய ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். பாத்திரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். நடித்தவரின் வீட்டுக்குள் போக வேண்டாம்.


மேலமாசி மருமகள் | இரவு 9.05

நீக்கியது நல்லது. அதைப் படித்துவிட்டு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பாண்டியன் ஸ்டோர்ஸ் தொடரின் முல்லை. 2020 டிசம்பர் 9 அன்று, முல்லையாக நடித்த சித்ரா இறந்த செய்தி வந்தது. அதன் பிறகு காவ்யா வந்தார், அவருக்குப் பின் லாவண்யா. இருவரும் நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் முல்லை என்றதும் என் கண்ணில் வருவது முதல் முகந்தான். "இனி இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் ஒரு வரி போடுகிறார்கள். கதையில் இருக்கும் கணவனும் மாமியாரும் ஒன்றும் நடக்காதது போலப் பேசுகிறார்கள். பார்ப்பவர்கள் மட்டும் துக்கத்தில் இருக்கிறோம்.

குணசேகரனுக்கு அப்படி உடனே ஆள் போடவில்லை. வீட்டை விட்டுப் போய்விட்டதாக வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். எனக்கு அந்த எபிசோடுகள்தான் இன்னும் மனத்தில் இருக்கின்றன. நாற்காலி காலி. அந்தப் பெண்கள் அதன் பக்கத்தில் போகும்போது அப்போதும் குரலைத் தாழ்த்துவார்கள். வேல ராமமூர்த்தி ஐயா மேல் எனக்குக் குறை இல்லை தறி அண்ணே. அவர் வந்து சிரிப்பை எடுத்துவிட்டார் என்கிறீர்கள். எனக்கு அது உபகாரமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் குணசேகரனைக் கண்டு சிரிப்பது நின்றது. மாமா முதல் முறையாக "இவன் என்ன மனுஷன்" என்றார். அதே ஆள், அதே அதட்டல். முகம் மாறியதும் தெரிந்துவிட்டது.


செல்லூர்த் தறி | இரவு 10.26

மதினி, நேற்று இரவு உங்கள் முதல் பதிவைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். எதிர்நீச்சலை எங்கே இருந்து பார்த்தாய் என்று. "நான் எங்கே பார்த்தேன், கேட்டேன்" என்றார். அவருக்கு மாரிமுத்துவின் குரல் தெரியும். சட்டை நிறம் தெரியாது. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அதட்டுவதில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் நான் கட்சி மாறவில்லை. சிரிப்பு வராவிட்டால் அந்த ஆளை உங்கள் மாமா டிவியில் வைத்தே இருக்க மாட்டார், வேறு சேனலுக்குப் போயிருப்பார். சிரிக்க வைத்து உட்கார வைத்ததால்தான் பிறகு முகம் மாறியபோது அவருக்கு உறைத்தது. மாரிமுத்து செய்த வேலை அது. அவர் நேரில் எப்படிப்பட்டவர் என்றும் பாருங்கள்: ஒரு விவாத நிகழ்ச்சியில் சோதிடர்களை எதிரில் வைத்துக்கொண்டு தனி ஆளாக வாதாடியவர். குணசேகரனின் எந்த மூட நம்பிக்கையும் அவருடையது இல்லை. தான் நம்பாத ஒருவனை அவ்வளவு உரிமையோடு நடித்திருக்கிறார்.

டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன், உசிலை. மூன்று பேருக்கும்.


மேலமாசி மருமகள் | இரவு 10.55

பாதி ஒப்புக்கொள்கிறேன்.

அவர் இறந்த அன்று மாமா காலையிலிருந்து செய்திச் சேனலை மாற்றவில்லை. மதியம் சாப்பிடவும் வரவில்லை. சொந்தத்தில் ஒருவர் போன மாதிரி முகம். இரவு இரண்டே தோசை சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவும் தொட்டியில் போட்டார். கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை.

மறுநாள் தட்டு வழக்கம் போல டிவிக்கு முன்னால்தான் கிடந்தது.


உசிலை58 | இரவு 11.02

மதினி.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பூக்கடை அக்கா இருக்கிறீர்களா? தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மல்லிக்கு எத்தனை நாள் முன்னால் சொல்லி வைக்க வேண்டும்?


பூக்கடை மகள் | அதிகாலை 4.18

சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தையில் பனிக்கு மொட்டு குறைவு, முகூர்த்தமும் அதிகம், விலை ஆயிரக்கணக்கில் ஏறும். இருபது நாள் முன்பே முன்பணம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள் தம்பி. கொண்டைக்கு மட்டும் மல்லி சொல், மேடைக்கு வேறு பூ போதும். மல்லி என்று சொல்லி நடுவில் மல்லி போலவே இருக்கும் காக்கரட்டான் பூவைச் செருகித் தருவார்கள். கண்ணுக்குத் தெரியாது, முகர்ந்து பார். மொட்டு உருண்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் யாரையாவது கூடக் கூட்டிக்கொண்டு வா, பின்வாசலில் நிற்க வைக்காத வீடாக இருந்தால் மாலையை நானே கொண்டுவந்து தருகிறேன்.